செனட் குழு எவ்வளவு செலவழித்தது? அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசிக்கும் முறை

போன மாரியில் மாமா ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ ஓர் அறிக்கையின் கீழ்ப்பகுதியை மட்டும் கைப்பேசியில் வெட்டி எடுத்த படம். 'மொத்தம்' என்ற வரியைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, இவை எங்கட வரிக்காசில ஊர் சுத்தினமாம். பாத்தியே கணக்கை?"

கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அடிவரியை மட்டும் காட்டுகிற கணக்கைக் கண்டால் மேல்வரிகளைத் தேடிப் போகிற குணம் தொழிலோடு வந்தது. மூலத்தைத் தேடி எடுத்தேன். கனடா செனட் சபையின் நிலைக்குழு ஒன்று, முடிந்துபோன கூட்டத்தொடரில் தான் செய்த செலவையும் வேலையையும் சபைக்குச் சொல்லும் அறிக்கை அது. முழு நீளமே ஒன்றரைப் பக்கம். மாமாவுக்கு வந்தது அதில் மூன்று வரி.

இப்படி ஓர் அறிக்கை வருவதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வாசிக்கப் பழக்கம் இல்லை. ஆங்கிலம் கடினம் என்பதால் இல்லை. எந்த வரி எதைக் குறிக்கிறது, எந்தச் செலவு அதில் சேராது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகவும், வந்து முப்பது வருடம் ஆகியும் ஒட்டாவாப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வரியில் பின்னணி. செனட் என்பது பாராளுமன்றத்தின் மேலவை. அதில் 105 இருக்கைகள். தேர்தல் கிடையாது. பிரதமரின் ஆலோசனைப்படி ஆளுநர் நாயகம் நியமிப்பார், 75 வயதில் ஓய்வு. சபையின் பாரமான வேலை குழுக்களில் நடக்கிறது. மனித உரிமை, தேசிய நிதி, மீன்வளமும் சமுத்திரங்களும், சமூக விவகாரம், சட்டமும் அரசியலமைப்பும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைக்குழு. மக்களவையிலிருந்து வரும் சட்டமூலங்களை வரி வரியாகப் பார்ப்பது ஒரு வேலை. சபை கேட்டுக்கொண்ட விடயத்தை ஆராய்ந்து அறிக்கை தருவது மற்றது. இரண்டாவதைச் சிறப்பு ஆய்வு என்பார்கள். காசு பெரும்பாலும் போவது அங்கேதான்.

முதற்படி: எந்தக் கூட்டத்தொடர்?

பலர் சறுக்குவது இங்கே. நாம் வருடக் கணக்கில் யோசிக்கிறோம். செனட் குழு கூட்டத்தொடர் கணக்கில் அறிக்கை தருகிறது. ஒரு பொதுத் தேர்தலிலிருந்து அடுத்த தேர்தலுக்காகக் கலைக்கப்படும் வரை ஒரு பாராளுமன்றம். அதற்குள் ஒன்றோ பலவோ கூட்டத்தொடர்கள். ஒவ்வொன்றும், அரசின் திட்டங்களைச் சொல்லும் சிம்மாசன உரையோடு தொடங்கும். பிரதமரின் ஆலோசனையில் ஆளுநர் நாயகம் முடித்துவைத்தாலோ பாராளுமன்றம் கலைக்கப்பட்டாலோ முடியும். ஆவணங்களில் இதை 42-1, 43-2 என்று எழுதுவார்கள்: 42ஆவது பாராளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடர், 43ஆவதன் இரண்டாவது கூட்டத்தொடர்.

இவற்றின் நீளம் மழைக்கால வாய்க்கால் போல, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. 40-1 தொடங்கியது 2008 நவம்பர் 18. டிசம்பர் 4இலேயே முடித்துவைத்துவிட்டார்கள். மூன்று கிழமைகூட நிற்கவில்லை. 42-1 தொடங்கியது 2015 டிசம்பர் 3. முடிந்தது 2019 செப்டெம்பர் 11. ஏறக்குறைய நாலு வருடம். 44-1ம் லேசுப்பட்டதில்லை: 2021 நவம்பர் 22 தொடங்கி 2025 ஜனவரி 6 வரை. ஆகவே "இந்தக் குழு அந்தக் குழுவைவிட ஐந்து மடங்கு செலவழித்தது" என்று யாராவது சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இரண்டும் ஒரே கூட்டத்தொடரா என்பது. மாமாவின் படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மூலத்தில் பார்த்தால், மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு.

இன்னொரு சிக்கல்: அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடியும். கூட்டத்தொடர் அதைச் சட்டை செய்வதில்லை. நாலு வருடக் கூட்டத்தொடர் ஒன்று ஐந்து நிதியாண்டுகளைத் தொட்டுக்கொண்டு போகலாம். குழு பணம் கேட்பது நிதியாண்டுக் கணக்கில், செலவைச் சொல்வது கூட்டத்தொடர்க் கணக்கில். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தப் போகிறவர் தாளும் பென்சிலுமாக உட்கார வேண்டும்.

இரண்டாம் படி: அறிக்கையைத் தேடி எடுப்பது

செனட் சபையின் இணையதளத்தில் குழுக்கள் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கம் இருக்கும். அதில் 'அறிக்கைகள்' என்ற பட்டியல். மேலே பாராளுமன்றத்தையும் கூட்டத்தொடரையும் மாற்றிக்கொள்ளும் இடம் உண்டு.

42-1 கணக்கு வேண்டுமென்று 42-1 பட்டியலைத் துழாவாதீர்கள், கிடைக்காது. நான் முதல்முறை ஒரு மணித்தியாலம் அப்படித் துழாவியவன். ஒரு கூட்டத்தொடர் முடிந்ததும் அந்தக் குழுவே இல்லாமல் போகிறது; இல்லாத குழு எப்படி அறிக்கை கொடுக்கும்? அடுத்த கூட்டத்தொடரில் குழு மறுபடி அமைந்தபிறகு, முந்தினதன் கணக்கைச் சமர்ப்பிக்கும். செனட் விதிகளில் 12-26(2) அதைத்தான் சொல்கிறது: சிறப்புச் செலவு செய்த குழு, புதிய கூட்டத்தொடர் தொடங்கியபின் முடிந்த விரைவில் அந்தச் செலவைச் சபைக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே அடுத்த கூட்டத்தொடரின் அறிக்கைப் பட்டியலில் அடியிலிருந்து பாருங்கள். அநேகமாக 'முதலாவது அறிக்கை' என்ற பெயரில் அங்கே இருக்கும். அடுத்தது மிகக் குறுகிய கூட்டத்தொடர் என்றால் அதற்கும் அடுத்ததைப் பார்க்க வேண்டிவரும். 2012இல் விதிகளைத் திருத்தி எழுதுவதற்கு முன்பு இதே விதிக்கு 104 என்று எண். பழைய அறிக்கைகளில் 'விதி 104இன்படி' என்று கண்டால் குழம்ப வேண்டாம், சங்கதி ஒன்றுதான்.

மூன்றாம் படி: வரிகளைப் பிரித்துப் பார்ப்பது

அறிக்கையின் தொடக்கம் சம்பிரதாய வாசகம், கண்ணை ஓடவிடலாம். அதன்பிறகு செலவு, வேலை வாரியாக வரும். அது எழுதப்படும் முறைக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். எண்கள் பயிற்சிக்காக நானே வைத்தவை, எந்தக் குழுவினதும் இல்லை.

சட்டமூலங்களைப் பரிசீலித்தது
பொதுச் செலவு: 1,900 டொலர்
சாட்சிகளுக்கான செலவு: 11,400 டொலர்

ஒரு சிறப்பு ஆய்வு
பொதுச் செலவு: 3,200 டொலர்
செயற்பாடு 1, நேரில் போய்ப் பார்த்த பயணம்: 84,000 டொலர்
சாட்சிகளுக்கான செலவு: 9,500 டொலர்

மொத்தம்: 1,10,000 டொலர்

மாமாவின் வட்டம் கடைசி வரியில் இருந்தது. என் கண் போவது 'செயற்பாடு 1'க்கு. முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு பயணம். பெரும்பாலான செனட் குழுக் கணக்குகளின் குணம் இது. பயணம் செய்த குழுவின் எண் பெரிது, ஒட்டாவாவிலேயே இருந்த குழுவின் எண் சிறிது. ஆகவே இந்தக் கணக்கை வாசிப்பதென்பது பாதிக்கு மேல், பயணத்தை வாசிப்பது.

பொதுச் செலவு என்பதற்குள் வருவன சில்லறை விடயங்கள்: மதியத்தில் நடக்கும் கூட்டங்களுக்குச் சாப்பாடு, புத்தகம், அச்சு, எப்போதாவது வெளியிலிருந்து அமர்த்திய ஒருவரின் கட்டணம். கூட்டத்துச் சாப்பாட்டுக்காகக் கோபப்படும் ஆட்களைக் கண்டிருக்கிறேன். ஒரு கோயில் திருவிழாவின் மோர்ப்பந்தல் செலவுக்குக் கிட்ட வராது. கோபத்தை மிச்சம் பிடியுங்கள்.

சாட்சிகளுக்கான செலவு என்றால், குழு முன் வந்து பேச அழைக்கப்பட்டவர்களின் பயணம், தங்குமிடம், சாப்பாடு. பேசுவதற்குக் கூலி கிடையாது. செய்த செலவைத் திருப்பிக் கொடுப்பது மட்டும். அமைப்பு ஒன்றுக்கு ஒருவருடைய செலவு. இரண்டாமவருக்கும் வேண்டுமென்றால் விசேட காரணம் காட்டி, தலைவர் சம்மதிக்க வேண்டும். காணொளி வழியாகப் பேசியவருக்கு இங்கே செலவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறின. 43-2 நடந்தது 2020 செப்டெம்பர் 23 முதல் 2021 ஆகஸ்ட் 15 வரை. அந்தக் காலத்துக் கணக்கில் பயண வரி இல்லையென்றோ சாட்சிச் செலவு தேய்ந்துபோயிருக்கிறதென்றோ கண்டு, குழு சிக்கனமாக மாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பயணமே பெரிதும் முடங்கிப்போன காலம் அது.

இனி, பயணம். 'நேரில் போய்ப் பார்த்தது' என்றும் 'பொது விசாரணை' என்றும் இரண்டு வகை. முன்னதில் செனட்டர்கள் இடங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஆட்களோடு பேசுவார்கள். சொல்லுக்குச் சொல் பதிவு இருக்காது. பின்னது ஒட்டாவாக் கூட்டத்தை அப்படியே பெயர்த்து இன்னோர் ஊரில் வைப்பது போன்றது. ஏழெட்டுச் செனட்டர்கள் போனால் கூடவே குழுச் செயலர், ஆய்வாளர், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மொழிபெயர்ப்போர், பேச்சை எழுத்தாக்குவோர், ஒலிக்கருவி எல்லாம் போக வேண்டும். மண்டபத்துக்கு வாடகை. செலவு ஏறுவதற்குக் காரணம் செனட்டர்களின் விமானச்சீட்டு மட்டும் இல்லை. ஒரு சிறு அலுவலகமே இடம்பெயர்கிறது.

இடமும் விலையைத் தீர்மானிக்கும். ஆர்க்டிக் பற்றி ஒரு விசேட செனட் குழு ஆராய்ந்து 2019 ஜூனில் அறிக்கை தந்தது. அதற்காக வடக்கே இக்காலுயிட் முதலான ஊர்களுக்குப் போனார்கள். தெற்கிலிருந்து இக்காலுயிட்டுக்குத் தரைவழிப் பாதையே கிடையாது. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் பேருந்து பிடிப்பது போல அங்கே போய்விட முடியாது. 'வடக்குக்குப் போனதில் இவ்வளவா' என்று கேட்பவரை முதலில் அந்த ஊருக்கு ஒரு விமானச்சீட்டு விலை பார்க்கச் சொல்லுங்கள். மறுபக்கம், மனித உரிமைக் குழு 2022 இலையுதிர் காலத்தில் முஸ்லிம் வெறுப்புப் பற்றிய ஆய்வுக்காக வன்கூவர், எட்மன்ரன், கியூபெக் நகரம், ரொறன்ரோ என்று போனது. எல்லாம் தினமும் விமானம் இறங்குகிற பெருநகரங்கள். இரண்டு பயணங்களின் டொலர்த் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அநியாயம் நடக்கும்.

நாலாம் படி: இந்தக் கணக்கில் வராதவை

மேலே உள்ள மொத்தம், குழு நாட்டுக்கு வைத்த முழுச் செலவு என்று நினைக்கக் கூடாது. செனட்டர்களின் சம்பளம் இதில் இல்லை. அவர்கள் தம் மாகாணத்திலிருந்து ஒட்டாவாவுக்கு வந்து போவதும் இல்லை. குழுச் செயலருக்குச் செனட் நிருவாகம் சம்பளம் கொடுக்கிறது. அறிக்கையின் முதல் வரைவை எழுதும் ஆய்வாளர்களுக்குப் பாராளுமன்ற நூலகம் கொடுக்கிறது. ஒட்டாவாக் கூட்டங்களில் காதுக்குள் பேசும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேறொரு கணக்கு. கூட்ட அறை, மின்சாரம், ஒளிபரப்பு எல்லாம் சபையின் பொதுச் செலவு. செனட் சபையின் மொத்தச் செலவு வருடத்துக்கு நூறு மில்லியன் டொலரைத் தாண்டும். அதன் பக்கத்தில் இந்த அறிக்கைகள் எல்லாம் சேர்ந்தாலும் சின்னத் துண்டு.

ஆகவே ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் பிழை விடலாம். 'பார், எவ்வளவு கொட்டியிருக்கிறார்கள்' என்று ஒருவர். 'நாலு வருட வேலைக்கு இவ்வளவுதானா, எவ்வளவு மலிவு' என்று இன்னொருவர். இரண்டாமவருக்கும் கணக்குத் தெரியாது.

இதோடு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2015 ஜூனில் கணக்காய்வாளர் நாயகம் செனட்டர்களின் செலவுகளைத் துருவி ஓர் அறிக்கை வெளியிட்டார். 30 செனட்டர்களுடைய, இருந்தவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாக, ஏறத்தாழ ஒரு மில்லியன் டொலர் செலவு கேள்விக்குள்ளானது. ஒன்பது பேருடையதைப் பொலிசாருக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகளில் மாதக்கணக்காக ஓடிய கதை. அது தனித்தனிச் செனட்டர்கள் கோரிய வீட்டுச் செலவு, பயணச் செலவு பற்றியது. குழுக் கணக்கு வேறு. "செனட் செலவு" என்று யாராவது தொடங்கினால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு மேலே பேசுங்கள். அந்தப் புயலுக்குப் பிறகு, 2020இல் கணக்காய்வு மேற்பார்வைக்கென்று ஒரு குழு அமைத்து, செனட்டர் அல்லாத இருவரையும் அதில் உட்கார வைத்தார்கள். தன் கணக்கைத் தானே பார்க்கிறது என்ற பழிச்சொல் கொஞ்சம் குறைந்தது.

ஐந்தாம் படி: கேட்டது, கிடைத்தது, செலவானது

கணக்கெழுதுகிறவனுக்குப் பிடித்த படி இது. ஒரு குழு நினைத்த நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட முடியாது. முதலில் இன்ன விடயத்தை ஆராயலாம் என்று சபை கட்டளை கொடுக்க வேண்டும். பிறகு குழு ஒரு வரவுசெலவுத் திட்டம் போடும்: எத்தனை பேர், எத்தனை இரவு, விமானச்சீட்டு, விடுதி, நாளாந்தப் படி, டாக்ஸி, வாடகைப் பேருந்து என்று வரிவரியாக. அது உள்ளகப் பொருளாதாரக் குழுவிடம் போகும். செனட் சபையின் பணப்பெட்டிச் சாவி அந்தக் குழுவிடம். அங்கே சிலவேளை ஆட்களைக் குறைப்பார்கள், சிலவேளை ஓர் ஊரையே வெட்டுவார்கள். கடைசியில் சபை ஒப்புக்கொண்டால்தான் பணம்.

இவ்வளவும் அறிக்கையாகப் பதிவாகிறது. குழுவின் பட்டியலில் 'வரவுசெலவு' என்று குறித்த அறிக்கையைத் திறந்தால் இரண்டு பின்னிணைப்புகள்: ஒன்று குழு கேட்டது, மற்றது உள்ளகப் பொருளாதாரக் குழு விடுவிக்கச் சொன்னது. மூன்றாவது எண், செலவானது, நாம் முதலில் எடுத்த ஒன்றரைப் பக்கத்தில். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். நிறையக் கேட்டு, முழுவதும் கிடைத்து, பாதிதான் செலவாகியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: பயணம் ரத்தானது, அல்லது புறப்பட இருந்த செனட்டர்களில் பலர் போகவில்லை. எது என்று கூட்டக் குறிப்புகளில் தெரியும். தேர்தல் வந்து கலைந்ததால் ரத்தான பயணங்களும் உண்டு. கூட்டத்தொடர் முடிந்த கணமே கட்டளையும் பணமும் ஒன்றாகச் சாகும். புதிய கூட்டத்தொடரில் அதே ஆய்வைத் தொடர வேண்டுமென்றாலும் மறுபடி கட்டளை வாங்க வேண்டும்.

இந்த மூன்று எண்களை எழுதிப் பார்த்தவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவரோடு உட்கார்ந்து பேச நான் தயார்.

ஆறாம் படி: கடைசிப் பந்தி

எண்களின் கீழே ஒரு சிறு பந்தி இருக்கும். இத்தனை கூட்டங்கள், அடைப்புக்குறிக்குள் இத்தனை மணித்தியாலம், இத்தனை சாட்சிகள், இத்தனை அறிக்கைகள். பலர் இதை வாசிப்பதே இல்லை. செலவைப் பற்றி ஒரு பக்கமும் வேலையைப் பற்றி இரண்டு வரியும்! எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. ஆனாலும் அந்த இரண்டு வரியில் பிடிக்க வேண்டியவை உண்டு.

மணித்தியாலத்தைக் கூட்டத்தால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் என்று வந்தால் சாதாரணம். அதற்கு மிகக் கீழே போனால், அடுத்ததாக என்ன செய்வது என்று தீர்மானித்துக் கலைந்த குறுங்கூட்டங்கள் நிறைய இருந்திருக்கும்.

சாட்சிகளின் எண்ணிக்கை மயக்கக்கூடியது. இருநூறு சாட்சிகள் என்றால் இருநூறு பொதுமக்கள் என்று அர்த்தமில்லை. அமைச்சர் ஒருவர் வந்தால் இரண்டு பக்கமும் நாலு அதிகாரிகள் உட்கார்வார்கள். அவர்களும் எண்ணிக்கையில் சேரலாம். யார் யார் வந்தார்கள் என்பது ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் பெயரோடு இருக்கிறது. ஒரு சட்டமூலம் தமிழர் போன்ற குடிபெயர்ந்த சமூகங்களைப் பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வந்த சாட்சிகளில் அரசு அதிகாரி எத்தனை, வழக்கறிஞர் எத்தனை, அந்த வாழ்க்கையை வாழ்கிறவர் எத்தனை என்று விரல்விட்டு எண்ணலாம். அரை மணித்தியால வேலை. செலவு வரியைப் பார்த்து ஆவேசப்படுவதைவிட எனக்கு அது உருப்படியாகத் தெரிகிறது.

அறிக்கைகளின் எண்ணிக்கைதான் பெரிய ஏமாற்று. பதினெட்டு அறிக்கை என்றதும் பதினெட்டுப் புத்தகத்தை நினைக்காதீர்கள். பணம் கேட்டதும் ஓர் அறிக்கை. திருத்தம் எதுவுமில்லாமல் சட்டமூலத்தைத் திருப்பி அனுப்பும் ஒற்றை வாக்கியமும் ஓர் அறிக்கை. நாம் வாசித்துக்கொண்டிருக்கும் இந்தச் செலவுக் கணக்குக்கூட ஓர் அறிக்கை. பட்டியலைத் திறந்து, ஆராய்ந்து எழுதியவை எத்தனை, திருத்தத்தோடு போன சட்டமூலங்கள் எத்தனை என்று தனியே பிரித்து எண்ணுங்கள். பதினெட்டு, நாலாகக்கூடச் சுருங்கலாம். நாலு என்பதும் குறைவில்லை. நல்ல ஆய்வு ஒன்றுக்கு ஒன்றிரண்டு வருடம் எடுக்கும்.

அந்த நாலும் என்ன ஆயின என்று பார்ப்பது அடுத்த வேலை. விரிவான பதில் தரும்படி சபை கேட்டுக்கொண்டால் அரசு 150 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலும் குழுவின் பக்கத்தில் ஏறும். சில வேளை பதில், 'பரிந்துரையைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்' என்ற பஞ்சுமிட்டாய். சில வேளை கனமாக ஏதாவது நடக்கும். சமூக விவகாரக் குழு, மைக்கல் கேர்பி தலைமையில் நாடெங்கும் போய் மனநலம் பற்றி விசாரித்து, 2006 மே மாதத்தில் ஒரு பெரிய அறிக்கை தந்தது. மனநலத்துக்கென்று தேசிய ஆணையம் வேண்டும் என்றது. 2007இல் கனடா மனநல ஆணையம் வந்தது, கேர்பியே முதற்தலைவர். அந்த ஆய்வின் பயணச் செலவை மட்டும் வெட்டிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தால் அன்றைக்கும் யாரோ ஒருவரின் மாமா குரல் செய்தி அனுப்பியிருப்பார்.

மக்களவைக் குழு என்றால்?

அங்கே முறை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். மக்களவைக் குழுக்களின் பணத்தைப் பங்கிடுவது, குழுத் தலைவர்கள் எல்லாம் சேர்ந்த தொடர்புக் குழு. அது எல்லாக் குழுக்களின் செயற்பாட்டையும் செலவையும் சேர்த்து, நிதியாண்டு வாரியாக ஒரே அறிக்கையாக வெளியிடும். குழுக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அது வசதி. செனட் அறிக்கையில் அந்த வசதி இல்லை, ஆனால் ஒரு குழுவின் ஒரு காலத்தை முழுதாகப் பார்க்கலாம். இரண்டு சபைகளின் எண்ணையும் நேரே ஒப்பிட நினைத்தால், முதற்படியில் சொன்ன தாளையும் பென்சிலையும் மறுபடி எடுங்கள்.

விளங்காவிட்டால் யாரைக் கேட்பது?

குழுச் செயலரை. ஒவ்வொரு குழுவின் பக்கத்திலும் அவரைத் தொடர்புகொள்ளும் விபரம் இருக்கிறது. செனட்டருக்கு எழுதினால் அரசியல் பதில் வரலாம். செயலர் கட்சி சாராத அலுவலர். 'இன்ன அறிக்கையில் செயற்பாடு 2 என்பது எந்தப் பயணம்?' என்று ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். நான் கேட்ட இரண்டு தடவையும் பதில் வந்தது. ஒன்றில் நான் தவறான வருடத்து வரவுசெலவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மரியாதையாகச் சுட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் பிள்ளைகளைப் பிடியுங்கள். அவர்களுக்கும் இது தெரியட்டும்.

நீங்களே அந்த வரிக்குள் போனால்

இது கடைசி, ஆனால் நடக்கக்கூடியது. எங்களுடைய முதியோர் சங்கத்து அக்கா ஒருவரை ஒரு தடவை ஒரு குழு சாட்சியாகக் கூப்பிட்டது. கணக்குப்பிள்ளை என்ற முறையில் நான் கூடப்போனேன், என் காசில். அமைப்புக்கு ஒருவர் என்ற விதியை அன்றுதான் படித்தேன். ரொறன்ரோவிலிருந்து ரயிலில் நாலரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. அக்கா முதல்நாள் இரவு முழுவதும் பேச்சை வாய்ப்பாடு போலச் சொல்லிப் பார்த்தவர். உள்ளே போனதும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வாயால் சொன்னார். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், ஏழு நிமிடம் பேசினார், தலைவர் தடுக்கவில்லை.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டியவை: செலவுப் படிவத்தை முன்கூட்டியே செயலரிடம் கேட்டு வாங்குங்கள். ரயில், விடுதி, டாக்ஸி ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வையுங்கள். விடுதிக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பதியுமுன் கேளுங்கள். எழுத்து மூலமான சமர்ப்பணத்தை மொழிபெயர்க்க நேரம் வேண்டும், பிந்தாமல் அனுப்புங்கள். அங்கே தானாகக் கிடைப்பது ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழில்தான் பேச முடியுமென்றால் அதை முதல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் விட்ட பிழை பற்றுச்சீட்டில். ரயில் நிலையத்திலிருந்து செனட் கட்டடத்துக்கு டாக்ஸி பிடித்தோம். சீட்டை நான் வாங்கி என் சட்டைப் பைக்குள் வைத்து, சட்டையைச் சலவைக்குப் போட்டுவிட்டேன். அந்தத் தொகை மட்டும் திரும்பி வரவில்லை. அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பிறகு தெரிந்துகொண்டது: செனட் சபை 2019 முதல் இருந்துவரும் அந்தக் கட்டடம் 1912இல் திறந்த பழைய ரயில் நிலையம். 1966 வரை ரொறன்ரோ ரயில் நேரே அதன் வாசலுக்கு வந்தது. அதன்பிறகு நிலையத்தை ஊரின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இல்லாவிட்டால் எங்களுக்கு டாக்ஸியே தேவைப்பட்டிருக்காது.